நெய்த்தோலி: கடலில்லா நாட்டில் வாழும் கடற்சொல்

(கோவையில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கொங்கு நாடு கடலில்லா நாடு. மேற்கில் வெள்ளியங்கிரி மலையும் தெற்கில் ஆனைமலையும் வடக்கில் நீலமலையும் வேலியிட்டு நிற்க, நடுவே கிடக்கும் மேட்டு நிலம் இது. நொய்யலும் பவானியும் ஆன்பொருநையும் இந்நிலத்தின் நீரையெல்லாம் காவிரிக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்நீர் கடல் காண்பது நெடுந்தொலைவில், கீழைக் கரையில். கோவையிலிருந்து மேலைக் கடலை அடையவே நூறு கி.மீ.க்கு மேல் செல்லவேண்டும். கீழைக் கடலோ அதனினும் இருமடங்குத் தொலைவு. அந்தியூரிலும் காங்கயத்திலும் தாராபுரத்திலும் பிறந்து வளர்ந்து, ஒருமுறையேனும் அலையோசை கேளாமலே மறைந்த மூத்தோர் எண்ணிறந்தோர்.

அவ்வாறு கடல் காணாத கொங்குக் கிழவி ஒருத்தி சந்தைக்குச் செல்வதை எண்ணிப் பாருங்கள். மிளகாய்க் குவியலையும் புளிக் குவியலையும் கடந்து, மூலையில் ஒதுக்கப்பட்ட கருவாட்டுக் கடையின்முன் நிற்கிறாள். சுறாத் துண்டம் ஒருபுறம், வாளை ஒருபுறம், சென்னாக்குன்னி ஒருபுறம். அவள் கையை நீட்டி, “அந்த நெத்திலியில ஒரு கூறு போடுங்” என்கிறாள். போட்டதை அப்படியே வாங்கிக்கொள்வாளோ? மாட்டாள். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, மணல் ஒட்டியிருக்கிறதா, வயிறு வெடித்திருக்கிறதா, வெள்ளிக்கோடு மங்கியிருக்கிறதா என்று பார்க்கிறாள்; முகர்ந்தும் பார்க்கிறாள். கடல் அவளுக்குத் தெரியாது. கடலின் சொல் தெரியும். அச்சொல்லுக்குரிய பொருளின் நலமும் கேடும் தெரியும்.

இச்சொல்லை அவளுக்குக் கொடுத்தது பள்ளிக்கூடம் அன்று, அரசு அன்று, புலவரும் அல்லர். கரையில் வலையிழுத்தவன் வாயிலிருந்து உலர்த்தியவள் வாய்க்கும், அங்கிருந்து சுமந்தவன் வாய்க்கும், விற்றவள் வாய்க்கும் கைமாறிக் கைமாறி இம்மேட்டு நிலம் ஏறி வந்த சொல் அது. அந்தச் சிறு மீனையும் அதன் பெயரையும் பற்றியதே இவ்வுரை. “மீனைப் பற்றி ஓர் உரையா?” என்று நகைப்பவர் இருக்கலாம். நகைக்கட்டும். ஒரு மொழி வாழ்கிறதா சாகிறதா என்பதை அரண்மனை வாயிலில் நின்று அறியமுடியாது. அடுக்களை வாயிலில் நின்றே அறியமுடியும்.

முதலில் மீனைக் காண்போம். நெத்திலி ஒரு விரல் நீளமே உள்ள மீன். பெரும்பாலும் எட்டுப் பத்து செ.மீ.க்குள் அடங்கிவிடும். உடல் ஒளி ஊடுருவுமாறு வெளிறியிருக்கும்; செவுளிலிருந்து வால்வரை பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளிப்பட்டை ஓடும். மூக்குநுனி வாயைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். வாயோ கண்ணுக்கும் பின்னே சென்று பிளக்கும். அவ்வளவு சிறிய தலையில் அவ்வளவு பெரிய வாய் எதற்கு? கடல்நீரில் மிதந்து திரியும் நுண்ணுயிர்களை வாரிக்கொள்வதற்கு. தனித்து வாழ அறியாதது இம்மீன்; ஆயிரம் பதினாயிரமாகக் கூட்டம் சேர்ந்தே நீந்தும். ஆழ்கடலைவிடக் கரையோர நீரையே நாடும். ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களின் உவர்நீரிலும் புகும். சீலாவும் சூரையும் வஞ்சிரமும் கடற்பறவைகளும் இதனைத் தின்றே கொழுக்கின்றன. ஓராண்டு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல்: இதுவே இதன் வாழ்நாள். குறுகிய வாழ்வு, பெருகிய கூட்டம்.

இதன் செதில் மிக மெல்லியது. தொட்டாலே உதிர்ந்துவிடும். வலையிலிருந்து கூடைக்கு வருமுன்பே பெரும்பகுதி போய்விடும். எஞ்சுவது நெய்ப்பசையுடன் மின்னும் தோலே. இதனைக் கருத்தில் வைத்துக்கொண்டு அகரமுதலியைத் திறந்தால், நெத்திலிக்கு நெய்த்தோலி என்னும் வடிவமும் இருப்பதைக் காணலாம். நெய் + தோல் + இ. நெய்போல் மின்னும் தோலையுடையது நெய்த்தோலி. வாள்போன்ற உடலுடையது வாளை. வவ்வால்போல் அகன்றது வவ்வால். நாக்குப்போல் தட்டையானது நாக்குமீன். உடலைப் பார்த்துப் பெயரிடுவதே பரதவர் வழக்கம். நெய்த்தோலி நெத்தோலியாகி, நெத்தலியாகி, நெத்திலியாயிற்று எனக் கொள்வதில் தடையில்லை. மலையாளத்தார் இன்றும் நெத்தோலி என்றே வழங்குகின்றனர். ஈழத் தமிழர் நெத்தலி என்கின்றனர். தெலுங்கில் இது நெத்தள்ளு. தெலுங்கு வடிவத்தில் ‘தோலி’ தெளிவாகத் தோன்றவில்லையே என்று வினவுவார் உளராயின், அவ்வினா முறையானதே. ஒரே சான்றைக்கொண்டு முடிந்த முடிபாகக் கூறுவது சொல்லாய்வுக்கு அழகன்று. ஆனால் ஒன்று உறுதி. இது தமிழுக்கும் தமிழின் கிளைமொழிகளுக்கும் உரிய சொல். தென்னாட்டுக் கரைகளிலேயே பிறந்து வளர்ந்த சொல். வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வந்ததன்று.

இனி மேலைநாட்டார் இதற்கு இட்ட பெயரைப் பாருங்கள். பிரெஞ்சு நாட்டு அறிஞர் இலாசெப்பேடு 1803-இல் இவ்வகை மீன்களுக்கு ‘இசுட்டோலபோரசு’ என்று பேரினப் பெயரிட்டார். இசுட்டோல் என்பது கிரேக்கத்தில் நெடுந்துகில். போரசு என்பது தாங்குவது. பக்கத்தில் ஓடும் வெள்ளிப்பட்டையைப் பார்த்து, துகில் தாங்கி என்று பெயரிட்டார். நல்ல பெயரே. கிரேக்கச் சொல்லாளன் கண்ணுக்குத் துகிலாகப் பட்டது, தமிழ் வலைஞன் கண்ணுக்கு நெய்த்தோலாகப் பட்டது. இருவரும் ஒரே மினுக்கத்தையே கண்டனர். ஆயினும் அந்தப் பேரினத்தில் தமிழகக் கரைகளில் கிடைக்கும் மீனொன்றுக்குக் ‘கொம்மர்சோனி’ என்பது சிறப்புப் பெயர். கொம்மர்சோன் என்பவர் 1773-இல் மொரீசியசுத் தீவில் இறந்த பிரெஞ்சு இயற்கையறிஞர். அவர் சிறந்த அறிஞரே. அவரைப் போற்றுவதில் பிழையில்லை. பிழை எங்கே என்றால், அப்பெயரைப் படித்துவிட்டு, அதற்குமுன் இம்மீனுக்குப் பெயரே இல்லை என்று எண்ணிக்கொள்ளும் படித்த தமிழனிடத்தில்!

ஆங்கிலத்தின் நிலை இன்னும் நகைப்புக்குரியது. இம்மீனை ஆங்கிலம் வழியாகக் கூறவேண்டுமென்றால் ‘ஆஞ்சோவி’ என்கின்றனர். அச்சொல் ஆங்கிலருக்குச் சொந்தமானதன்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இசுப்பானியர், போர்த்துகேயர் வாயிலிருந்து கடன்கொண்டது. இந்திய மீன்வள அறிக்கைகளில் இதே மீன் ‘ஒயிட்பெயிட்டு’ என்று எழுதப்பட்டு வந்தது. இங்கிலாந்தில் அச்சொல் குறிப்பதோ எர்ரிங்கு முதலிய வேறு மீன்களின் குஞ்சுகளை. இலங்கை ஆங்கிலத்தில் இதே நெத்தலி ‘இசுப்பிராட்டு’ ஆகிவிட்டது. அதுவும் வடகடல் மீன் ஒன்றின் பெயர். நெத்திலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆக, மூன்று இடத்தில் மூன்று பெயர். அவற்றுள் இரண்டு வேறு மீன்களுடையவை. தமிழிலோ பழவேற்காட்டிலிருந்து குமரிவரையிலும், கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும், மலேசியத் தமிழர் இல்லங்களிலும் ஒரே சொல். மலாய்மொழியில் ‘ஈக்கான் பிலிசு’ எனப்படுவதை மலேசியத் தமிழர் நெத்திலி என்றே வாங்குகின்றனர். இதில் எம்மொழி செம்மையுடையது? எம்மொழியில் அறிவியல் கூறமுடியாதென்று இன்னும் சிலர் கூறித் திரிகின்றனர்?

மற்றொன்றும் காண்க. நெத்திலிக் குடும்பத்திலேயே சற்று அகன்று, வயிற்று விளிம்பு கூர்த்து, பெரிதாக வளரும் மீன்கள் உள்ளன. தமிழ் வலைஞர் அவற்றை நெத்திலி என்று அழைப்பதில்லை, பொருவா என்கின்றனர். அறிவியலாரும் அவற்றை இசுட்டோலபோரசு என்பதில் சேர்ப்பதில்லை. ‘திரிசா’ என்று தனிப் பேரினம் வகுத்துள்ளனர். ஆய்வுக்கூடத்தில் பல்லையும் முள்ளையும் எண்ணி வகுத்த எல்லையும், கட்டுமரத்தில் நின்று கண்ணால் வகுத்த எல்லையும் ஒன்றாகவே இருக்கின்றன. 

இத்தகைய சொல் கொங்குக்கு எவ்வாறு வந்தது? பழந்தமிழர் காலத்தில் நெய்தல் நிலத்தினின்று உள்நாட்டுக்கு உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்ற உமணரைத் தமிழ் கற்றோர் அறிவர். கரையில் மீனை உணக்கிப் பறவை கவராமல் மகளிர் காத்ததையும் கழகச் செய்யுட்கள் கூறும். வெயிலில் வாட்டியது கருவாடு, உலர்த்தியது உணங்கல். மலையாளத்தில் இன்றும் கருவாட்டை உணக்கமீன் என்றே கூறுவர். கொங்குக்கு மேற்கே மலைத்தொடர் அறுந்து, பாலைக்காட்டில் ஒரு பெருவாயில் திறந்து கிடக்கிறது. முசிறியிலிருந்து அவ்வாயில் வழியே நொய்யற் கரைக் கொடுமணலுக்கும் கருவூருக்கும் சென்ற பெருவழியில் வணிகர் நடந்தனர். கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்த மணிகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அவ்வணிகத்தின் அழியாச் சான்று. உரோமரும் தம் மரக்கலத்தில் மீன்சாறு கொண்டுவந்தனர். அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளுள் அத்தகையனவும் உண்டென ஆய்வாளர் கண்டனர். நெத்திலிக்கு உறவான மீன்களை உப்பிலிட்டு அழுகவைத்து வடித்த சாறு அது. கடல்வளம் நிறைந்த தமிழகத்துக்கே மீன்சாறு கொண்டுவந்தவர் தம் நாவின் பழக்கத்தை விடாதவர் போலும்!

பின்னாளில் 1862-இல் சென்னையையும் மேலைக்கரைப் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை போத்தனூர் வழியே ஓடிற்று. கடல் கொங்குக்கு ஓர் இரவுத் தொலைவாயிற்று. இன்று சரக்குந்துகளில் பனிக்கட்டியிட்டுக் கேரளக் கரையிலிருந்தும் இராமேசுவரம், தூத்துக்குடி, நாகை, கடலூர் முதலிய துறைகளிலிருந்தும் மீன் விடியுமுன் உக்கடத்தில் வந்திறங்குகிறது. ஆயினும் பனிக்கட்டி வருமுன் கொங்குச் சிற்றூர்களுக்கு வந்த கடல்மீன் பெரும்பாலும் கருவாடே; கருவாட்டிலும் எளியோர்க்கு எட்டியது நெத்திலியே. மிகச் சிறியதாகலின் வயிறு கீறவேண்டா. பலவிடங்களில் உப்பும் இடாமல் அப்படியே வெயிலில் பரப்புவர். ஓரிரு நாளில் காய்ந்துவிடும். கூடையில் இலேசாக இருக்கும், நெடுநாள் கெடாது. கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக் களிக்கும் கத்தரிக்காயிட்ட நெத்திலிக் குழம்பு கிடைத்த நாள், தோட்டத்தில் பாடுபட்டவர்க்கு விருந்து நாள். முள்ளோடு முழுதாகத் தின்னப்படும் மீனாகையால், எலும்புக்கு வேண்டிய சுண்ண ஊட்டமும் உடல் வளர்க்கும் புரதமும் அவ்வேழைக் கலத்தில் தாமே வந்து சேர்ந்தன. மருத்துவர் எழுதிக்கொடுக்கவில்லை, கிழவி குழம்பு வைத்தாள்.

இங்கு ஒரு வியப்பைக் காணவேண்டும். இன்று கோவை உணவகங்களில் இறால் ‘பிரான்’ ஆகிவிட்டது; கோழி ‘சிக்கன்’ ஆகிவிட்டது; மீனே ‘பிசு’ ஆகிவிட்டது. படித்தவர் வாயில் சங்கரா ‘ரெட் சினாப்பர்’. ஆனால் உணவுப்பட்டியலில் ஓர் இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துக்குள்ளும் தமிழ்ச்சொல் அசையாமல் நிற்கிறது: ‘நெத்திலி பிரை’. வறுவல் வீழ்ந்தது, நெத்திலி வீழவில்லை. பெயர் நிற்கத் தொழில் தோற்ற வேடிக்கை இது.

ஏன் வீழவில்லை? தமிழர் காத்தமையாலா? அன்று. உண்மையைக் கூறவேண்டும். ஆங்கிலம் படித்தவன் அதைச் சீண்டாமையால் வீழவில்லை. வெள்ளைக்காரன் கலத்தில் ஏறிய மீன்களுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர் வந்தது. ஏழையின் சட்டியில் கிடந்த மீனுக்கு வரவில்லை. கருவாட்டு மணம் வந்தால் கதவடைத்தவர்கள் அதன் பெயரை மாற்றும் தொல்லையை மேற்கொள்ளவில்லை. இழிவென ஒதுக்கியதே அச்சொல்லுக்கு அரணாயிற்று. தமிழ்ச்சொற்கள் பல இவ்வாறே பிழைத்துள்ளன. உழவன் கலப்பையில், குயவன் திகிரியில், தறிக்காரன் பாவில், வலைஞன் மடியில் உள்ள சொற்களை மேலோர் தீண்டாது விட்டமையால் அவை தூய்மையாக எஞ்சின. தனித்தமிழை மறைமலையடிகள் 1916-இல் இயக்கமாக்கினார். ஆனால் அதற்குமுன்பும் பின்பும் எழுதப் படிக்கத் தெரியாத இம்மக்களே தனித்தமிழைப் பேசிவந்தனர்.

அந்த அரண் இப்பொழுது உடைகிறது. நெத்திலியின் ஊட்டத்தை மேலைநாட்டு நூல்கள் எடுத்துக் கூறிய பின், செல்வர் கண் அதன்மேல் விழுந்துவிட்டது. நெகிழிப் பொதியில் அழகாக அடைத்து, மேலே ஆங்கிலத்தில் ‘டிரைடு ஆஞ்சோவி’ என்று பெரிதாகவும், கீழே ஆங்கில எழுத்திலேயே நெத்திலி என்று சிறிதாகவும் அச்சிட்டு விற்கின்றனர். தமிழ் எழுத்தில் தேடினால் பல பொதிகளில் கிடைப்பதில்லை. இன்று சிறிய எழுத்தில் உள்ளது நாளை விடப்படும். வாங்குபவன் கிழவியிடம் கேட்டு வாங்குவதில்லை. அடுக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறான். சொல் வாயினின்று வாய்க்குச் செல்லும் வழி அங்கே அறுபடுகிறது. கருவாட்டுக் கடைக்காரி இல்லாத ஊரில் நெத்திலி என்னும் சொல்லை யார் யாருக்குக் கூறுவார்?

ஆங்கிலம் ஒருபுறம் இவ்வாறென்றால் வடமொழி மறுபுறம். 2020-இல் நடுவணரசு மீனவர்க்கென்று ஒரு திட்டம் வகுத்தது. அதன் பெயர் ‘மத்சய சம்பதா’. அலையில் நின்று வலையிழுக்கும் தமிழ்ப் பரதவன் தனக்குரிய உதவியைப் பெறுவதற்கு, தன் தொழிலுக்குத் தன் மொழியில் இல்லாத பெயரை நாவில் உருட்டவேண்டும்! மீன் என்று கூறினால் உதவி சுருங்கிவிடுமா? வடமொழியே மீன் என்னும் தென்சொல்லை மீனம் எனக் கடன்கொண்டது என்பதை மொழிநூலார் பலரும் ஒப்புகின்றனர். கொடுத்தவன் பெயரை வாங்கியவன் அழிப்பது எந்த அறம்?

ஆயின் பிறரைக் கடிவதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. தனித்தமிழ் அன்பரிடத்தும் ஒரு குறை உண்டு. புதுப்பொருளுக்குப் புதுச்சொல் ஆக்குவதில் காட்டும் ஊக்கத்தை, உள்ள சொல்லைத் திரட்டுவதில் அவர்கள் காட்டுவதில்லை. ஆங்கில அகரமுதலியை விரித்துவைத்து, ‘ஆஞ்சோவி’க்குச் சொல் ஆக்கவேண்டும் என்று அமர்ந்தால், வெள்ளிக்கோட்டு மீன் என்றோ நுண்வாய் மீன் என்றோ ஒன்றை ஆக்கிவிடலாம். எவ்வளவு வீண் வேலை! கரைக்கு ஒருமுறை சென்றிருந்தால் சொல் கையில் கிடைத்திருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியில் உலக வழக்குச் சொற்கள் ஆயிரக்கணக்கில் விடப்பட்டமையை எடுத்துக்காட்டி இடித்துரைத்தவர் மொழிஞாயிறு பாவாணர். 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பை அவர் ஏற்றபோதும் உலக வழக்கையே உயிராகக் கருதினார். நூலில் இல்லாத சொல் நாவில் இருக்கும் என்பது அவர் கொள்கை. அவர் பெயரை மேடையில் முழங்குவோர் எத்தனை பேர் மீனங்காடிக்குக் குறிப்பேட்டோடு சென்றனர்?

அயலான் ஒருவன் சென்றான். தரங்கம்பாடியில் சமயப் பணி செய்த செருமானியர் கிறித்தோபு சாமுவேல் யோன், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரையின் மீன்களைத் திரட்டி, வலைஞர் வழங்கிய தமிழ்ப் பெயர்களோடு பெர்லினில் இருந்த புளோக்கு என்னும் மீனியல் அறிஞருக்கு விடுத்தார். புளோக்கு 1793-இல் கத்தாளை மீன் ஒன்றுக்கு ‘யோனியசு கருத்தா’ என்று பெயரிட்டார். முதற்சொல் அனுப்பியவர் பெயர். இரண்டாம் சொல் வலைஞர் கூறிய ‘கருத்த கத்தாளை’யில் உள்ள கருத்த என்பதே. தமிழ்ச்சொல் இலத்தீன் உடையில் இன்றும் உலக அறிவியலில் உலவுகிறது. கேட்டு எழுத ஒருவர் இருந்தமையால் இது நேர்ந்தது. கேட்டு எழுதாதவை எத்தனை போயினவோ!

பெயர் போனால் என்ன, மீன் இருக்கிறதே என்பார்க்கு ஒரு செய்தி. அது கொங்கு நாட்டின் செய்தி. நாமக்கல்லும் பல்லடமும் கோழிப் பண்ணைகளால் பெயர் பெற்ற ஊர்கள். விசைப்படகின் இழுவலையில் அகப்படும் சிறுமீன்கள், குஞ்சுகள், நெத்திலி போன்றவை எல்லாம் ஒன்றாகக் கலந்து, மணலோடு மணலாகக் காய்ந்து, மூட்டையாகக் கட்டப்பட்டு, கோழித்தீவனத்துக்கென்று உள்நாடு நோக்கி வருகின்றன. அம்மூட்டையில் நெத்திலி உண்டு. நெத்திலி என்னும் பெயர் இல்லை. பொருவா உண்டு, பொருவா என்னும் பெயர் இல்லை. எல்லாம் ‘கழிவு மீன்’, எல்லாம் எடை. கொங்குக் கிழவி உள்ளங்கையில் பரப்பி ஒவ்வொன்றாய்ப் பார்த்த மீன், அதே கொங்கு மண்ணில் பெயரின்றி அரைபடுகிறது. பெயருள்ள மீனைக் குஞ்சாகப் பிடித்தால், “நெத்திலிக் குஞ்சை ஏன் வாரினாய்?” என்று கேட்கமுடியும். கழிவு மீனுக்கு யார் கேட்பார்?

இதன் முடிவு எங்குச் செல்லும் என்பதை அறியத் தென்னமெரிக்கப் பெரு நாட்டை நோக்கவேண்டும். அங்கும் நெத்திலிக் குடும்பத்து மீனே. உலகில் ஒரே இன மீனாக மிகுதியாகப் பிடிக்கப்படுவது அதுவே. உண்பதற்கன்று; பெரும்பகுதி தூளாக்கி, அயல்நாட்டுக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக ஏற்றுவதற்கு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓராண்டுக்கு ஒரு கோடியே இருபது நூறாயிரம் டன்னுக்கு மேல் வாரினர். 1972-73-இல் கடல்நீர் வெம்மையுற்றது, அளவின்றி வாரியதும் அதனோடு சேர்ந்தது, மீன்கூட்டம் குலைந்தது. துறைகள் வெறிச்சோடின. அம்மீனையே நம்பியிருந்த கடற்பறவைகளும் கூட்டங் கூட்டமாக மடிந்தன. மீண்டும் மீன் பெருகப் பல்லாண்டு ஆயிற்று. மீனின் பெயரே தெரியாத நாடுகளின் கோழிகளுக்காக நேர்ந்த அழிவு அது.

தமிழகத்தில் கீழைக்கரை விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. நல்ல ஏற்பாடு. அந்நாள்களில் கருவாட்டுக்கு மதிப்புக் கூடுகிறது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் சென்று நெத்திலிவலை விரிப்போரும், கரையில் ஊர்கூடிக் கரைவலை இழுப்போரும் கொணரும் மீனே அப்போது அங்காடிக்கு வருகிறது. அவர்களிடம் மீன் பெயரோடு வருகிறது. எந்த வலைக்கு எந்த மீன், எந்தக் காற்றுக்கு எந்த மீன், குஞ்சு எது, முற்றியது எது என்று பிரித்துக் கூறும் சொற்கள் அவர்கள் நாவில் இருக்கின்றன. அவர்தம் பிள்ளைகள் பிற தொழிலுக்குப் போகப் போக அச்சொற்களும் கரையிலேயே புதைகின்றன.

கொங்கு நாட்டார்க்குக் கரை தொலைவு என்று கூறித் தப்பமுடியாது. இம்மண்ணில் பிறந்த பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டன்றோ 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது! கலைக்கதிர் என்னும் அறிவியல் திங்களிதழைத் தமிழில் நடத்திக் காட்டியதும் கோவையன்றோ! 2010 சூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்குத் திரண்ட கூட்டத்தைக் கண்டதும் இம்மாநகரன்றோ! நெசவின் சொல்லையும் கிணற்றுப் பாசனத்தின் சொல்லையும் போலவே கருவாட்டுச் சொல்லையும் திரட்ட வல்ல ஊர் இது.

அதற்கான கரை உக்கடத்திலேயே இருக்கிறது. தமிழகத்துத் துறைகளின் மீனும் மலையாளக் கரையின் மீனும் ஒரே இடத்தில் வந்திறங்கும் அங்காடி அது. நெத்திலி என்பாரும் நெத்தோலி என்பாரும் ஒருவரோடொருவர் விலைபேசும் இடம். அங்கு ஒரு மீனுக்குத் தமிழ்ப் பெயர் என்ன, மலையாளப் பெயர் என்ன, எத்துறையிலிருந்து வந்தது, எவ்வலையில் பிடித்தது என்று நான்கு வினாக்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சிற்றூர்ச் சந்தைகளில் கருவாடு விற்கும் மூதாட்டியரிடம் இன்னும் இரண்டு: முன்பு விற்று இப்பொழுது வராத கருவாடு எது? அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? ஓர் ஊர்க் கிளைக்கு ஒரு குறிப்பேடு போதும். கேட்பவர் ஒரு கூறு நெத்திலி வாங்கிக்கொண்டு கேட்பது நலம். வாங்காமல் வினவுவோரை விற்போர் விரும்பமாட்டார். உக்கடத்துக்குச் செல்வோர் மட்டும் முதற்கோழி கூவுமுன் எழவேண்டும். பொழுது ஏறினால் அங்காடி கலைந்துவிடும்.